1-15லிருந்து 11-5 வரை: 2008 மயாமி டால்ஃபின்ஸைத் தூக்கி நிறுத்தியது வைல்ட்கேட் மட்டும்தானா?

கேள்வி: அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்லில், 2007 சீசனில் 16 ஆட்டங்களில் ஒன்றே ஒன்று ஜெயித்த மயாமி டால்ஃபின்ஸ், புதுக் கோச் டோனி ஸ்பரானோ வந்த முதல் வருடமே 11 ஜெயித்து, நான்கு அணிகள் கொண்ட தன் டிவிஷனின் பட்டம் வாங்கியது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைத் தவிர்த்து, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் கைக்கே நேராகப் பந்தைக் கொடுக்கும் வைல்ட்கேட் என்ற உத்திதான் காரணம் என்கிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை?

பதில்:

வைல்ட்கேட் அந்த அணிக்கு ஒரு பெரிய ஆட்டத்தை நேரடியாக ஜெயித்துக் கொடுத்தது, இன்னும் சிலவற்றில் கைகொடுத்தது. ஆனால் 11 வெற்றிகளுக்கும் அடியில் ஓடிய காரணம் அதைவிடச் சாதாரணமானது. அவர்கள் பந்தைத் தொலைக்கவில்லை. இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடிப்பது), ஃபம்பிள் (பந்து கையிலிருந்து நழுவுவது) எல்லாம் சேர்த்து 16 ஆட்டங்களில் 13 முறை மட்டுமே எதிரணியிடம் பந்தைப் பறிகொடுத்தார்கள். 16 ஆட்ட சீசன்களில் அதுவரை யாரும் அதற்குக் கீழே போனதில்லை. அதே வருடம் நியூயார்க் ஜயன்ட்ஸும் அதே 13இல் நின்றது. எதிரணிகளிடமிருந்து மயாமி பிடுங்கியது 30. மிச்சம் 17, அந்த வருடம் லீக்கிலேயே அதிகம். அந்த அணியைப் பற்றி ஒரே ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இந்த 13ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 2007. 1-15 என்று பார்த்ததும் ஒன்றுக்கும் உதவாத அணி என்று தோன்றும். அட்டவணையைப் பிரித்துப் பார்த்தால் படம் கொஞ்சம் மாறும். அந்த 15 தோல்விகளில் 6 தோல்விகள் சரியாக 3 புள்ளி வித்தியாசத்தில் வந்தவை: வாஷிங்டனிடம் 16-13, ஜெட்ஸிடம் 31-28, ஹூஸ்டனிடம் 22-19, லண்டன் வெம்ப்ளியில் ஜயன்ட்ஸிடம் 13-10, பஃபலோவிடம் 13-10, பிட்ஸ்பர்க் சேற்றில் 3-0. ஆறில் பாதி இந்தப் பக்கம் விழுந்திருந்தால் 4-12. யாரும் ஒரு வருடம் கழித்து அதிசயம் என்று பேசியிருக்க மாட்டார்கள். குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீன் ஐந்தாவது ஆட்டத்திலேயே தலையில் அடிபட்டு வெளியேறினார். ரன்னிங் பேக் ரானி பிரவுன் ஏழாவது ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து உட்கார்ந்தார். ஒரே வெற்றி டிசம்பர் 16 அன்று பால்டிமோர் ரேவன்ஸுக்கு எதிராக, கூடுதல் நேரத்தில், கிளியோ லெமன் எறிந்த பந்தை கிரெக் கமரீலோ 64 யார்டு கொண்டுபோய் முடித்தது.

அதற்காக அது நல்ல அணி என்று சொல்ல வரவில்லை. அடித்தது 267 புள்ளி, வாங்கியது 437. 170 புள்ளிப் பள்ளம் துரதிர்ஷ்டத்தால் மட்டும் விழாது. தற்காப்பு வரிசை வயதாகி ஓய்ந்திருந்தது, தாக்குதல் வரிசை குவார்ட்டர்பேக்கைக் காக்கவில்லை.

2007 டிசம்பரிலேயே உரிமையாளர் வெய்ன் ஹைசெங்கா, பில் பார்செல்ஸை ஃபுட்பால் விவகாரங்களின் தலைவராக அழைத்து வந்தார். அவர் ஜெஃப் ஐயர்லண்டை ஜெனரல் மேனேஜராக்கினார். பழைய கோச் கேம் கேமரன் போய், ஜனவரியில் டோனி ஸ்பரானோ வந்தார். பார்செல்ஸ், ஐயர்லண்ட், ஸ்பரானோ மூவரும் டல்லஸ் கவ்பாய்ஸில் ஒன்றாக இருந்தவர்கள். ஸ்பரானோ அங்கே தாக்குதல் வரிசைக்குப் பயிற்சி கொடுத்தவர், என்.எஃப்.எல்லில் தலைமைக் கோச் பதவி அவருக்கு இதுதான் முதல். அவருடைய அணி எங்கிருந்து கட்டப்பட்டது என்பதற்கு இந்தப் பின்னணியே பாதி விளக்கம்.

முதல் வேலை வீட்டைக் காலி செய்வது. பத்து வருடத்துக்கு மேல் அணியின் முகமாக இருந்த லைன்பேக்கர் (தற்காப்பில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) ஸாக் தாமஸை விடுவித்தார்கள். ஜேசன் டெய்லரை ஜூலையில் வாஷிங்டனுக்குக் கொடுத்தார்கள். ரசிகர்களுக்கு இரண்டுமே வலித்தன. கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் டிராஃப்டின் முதல் தேர்வு மயாமி கையில் இருந்தது. பெயருக்காக ஒரு குவார்ட்டர்பேக்கையோ ரன்னிங் பேக்கையோ எடுக்கும் ஆசை அந்த இடத்தில் எல்லாருக்கும் வரும். இவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜேக் லாங் என்ற லெஃப்ட் டேக்கிளை (தாக்குதல் வரிசையின் இடது முனையில் நின்று எதிரிகளைத் தடுப்பவர்) எடுத்தார்கள். டிராஃப்ட் நாளுக்கு முன்பே ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. அவருக்குப் பக்கத்தில் நிற்க சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கார்டு ஜஸ்டின் ஸ்மைலியைக் காசு கொடுத்துக் கூட்டி வந்தார்கள். ரைட் டேக்கிள் வெர்னன் கேரியும் சென்டர் சாம்சன் சடேலேயும் ஏற்கனவே இருந்தார்கள். வரிசை இப்படித்தான் உருவானது: இரண்டு முனையிலும் மலை போல இரண்டு பேர், நடுவில் சண்டை போடத் தயங்காதவர்கள்.

டல்லஸிலிருந்து வந்தவர்களின் பட்டியல் தனி: டைட் எண்ட் (தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) ஆந்தனி ஃபசானோ, லைன்பேக்கர் அகின் அயோடெலே, நோஸ் டேக்கிள் ஜேசன் ஃபெர்குசன். தற்காப்புப் பயிற்சியாளர் பால் பாஸ்குவலோனியும் அங்கிருந்தே வந்தார். இவர்களில் யாரும் நட்சத்திரம் இல்லை. பார்செல்ஸ் பாணி 3-4 தற்காப்பு இவர்களுக்கு ஏற்கனவே பாடமாகியிருந்தது, அதுதான் அவர்களின் மதிப்பு. 3-4இல் முன்வரிசையில் மூன்று பேர் மட்டும் நிற்பார்கள். நடுவில் நிற்கும் நோஸ் டேக்கிள் தன் இரு பக்க இடைவெளிகளையும் ஒற்றை ஆளாக அடைக்க வேண்டும், அவர் இரண்டு எதிரிகளைத் தன் மேல் இழுத்துக்கொண்டால்தான் பின்னால் இருக்கும் லைன்பேக்கர்கள் தடையில்லாமல் ஓட முடியும். புதுக் கோச் வந்த முதல் வருடம் பெரும்பாலும் வீணாவது இந்த இடத்தில்தான். ஆட்கள் தப்பான இடத்தில் நின்று, யோசித்து, அரை நொடி தாமதமாக நகர்வார்கள். ஏற்கனவே தெரிந்த மூன்று பேர் நடுவில் இருந்ததால் மயாமிக்கு அந்தத் தாமதம் குறைந்தது. இதனால் பலன் கண்டவர் ஜோயி போர்ட்டர். 2007இல் 5.5 முறை குவார்ட்டர்பேக்கை வீழ்த்தியவர், 2008இல் 17.5. லீக்கில் அவருக்கு மேலே இருந்தவர் டல்லஸின் டெமார்கஸ் வேர் ஒருவர்தான், 20.

இத்தனைக்குப் பிறகும் குவார்ட்டர்பேக் இல்லை. அது தற்செயலாக வந்து சேர்ந்தது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் நியூயார்க் ஜெட்ஸ், கிரீன் பேயிடமிருந்து பிரெட் ஃபார்வை வாங்கியது. ஃபார்வுக்கு இடம் வேண்டும் என்பதற்காகத் தங்கள் பழைய குவார்ட்டர்பேக் சாட் பென்னிங்டனை ஆகஸ்ட் 7 அன்று வெளியே விட்டது. அடுத்த நாளே மயாமி அவரைப் பிடித்தது. 2000இல் அவரை ஜெட்ஸுக்காக டிராஃப்டில் முதல் சுற்றில் எடுத்தபோது அங்கே தலைமையில் இருந்தவர் இதே பார்செல்ஸ். என்ன வாங்குகிறோம் என்று அவருக்குத் தெரியும்.

பென்னிங்டனின் தோளில் இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. 50 யார்டு தூரம் நேர்கோட்டில் எறியும் கை அவருக்குக் கிடையாது. அதை அவர் ஈடுகட்டிய விதம் பார்க்க வேண்டியது: பந்தைப் பிடிக்கும் ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டுப் போய்விடும். ரிசீவர் தலையைத் திருப்பும்போது பந்து அவர் மார்புக்கு எதிரே இருக்கும். இப்படி எறிய வேண்டுமென்றால் எதிரணி எந்த அமைப்பில் நிற்கிறது என்பதை ஸ்னாப்புக்கு (சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) முன்பே படித்திருக்க வேண்டும். சீசன் முடிவில் அவர் கணக்கு: 3,653 யார்டு, 19 டச்டவுன் (பந்தை எதிரணியின் கோடிக்குள் சேர்ப்பது), 7 இன்டர்செப்ஷன், 67.4 சதவீதம் வெற்றிகரமான எறிதல். ஜெட்ஸ் ஆசைப்பட்டு வாங்கிய ஃபார்வ் அதே வருடம் 22 டச்டவுனும் 22 இன்டர்செப்ஷனும் எறிந்தார். என் கணிப்பில் மயாமியின் திருப்பத்துக்குத் தனி ஒரு மனிதரைக் காரணம் சொல்ல வேண்டுமென்றால் பென்னிங்டன்தான், கோச்சுக்கும் முன்னால். அவர் யாரையும் முன்னுரிமை கொடுத்துத் தேடவில்லை என்பதை ரிசீவர்களின் கணக்கே காட்டும்: டெட் கின் 56 பந்து, கமரீலோ 55, டிராஃப்டில் யாருமே எடுக்காத டவோன் பெஸ் 54. எவர் காலியாக இருக்கிறாரோ அவருக்குப் பந்து.

ஆனாலும் தொடக்கம் 0-2. முதல் ஆட்டமே ஜெட்ஸுக்கு எதிராக, சொந்த ஊரில், 20-14 தோல்வி. பென்னிங்டனின் கடைசி எறிதலை, டச்டவுன் ஆக வேண்டிய கோடிப் பகுதியான எண்ட் ஸோனில், டரெல் ரெவிஸ் பிடித்துக்கொண்டார். அடுத்தது அரிசோனாவில் 31-10. மூன்றாவது ஆட்டம் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸின் ஊரில். அவர்கள் ரெகுலர் சீசனில் தொடர்ந்து 21 ஆட்டங்கள் ஜெயித்து வந்திருந்தார்கள். முதல் ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டு டாம் பிரேடி இல்லை, இருந்தாலும் மயாமி ஜெயிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அரிசோனாவிலிருந்து திரும்பும் விமானத்தில்தான் ஸ்பரானோ, குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் டேவிட் லீயிடம் அந்தப் பேச்சை எடுத்தார். லீயும் டல்லஸில் இருந்தவர். 2007இல் மட்டும் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராகப் போயிருந்தார். அங்கே டேரன் மெக்ஃபேடன், ஃபீலிக்ஸ் ஜோன்ஸ் என்று இரண்டு அசாத்தியமான ரன்னிங் பேக்குகள். பந்தை நேராக மெக்ஃபேடன் கைக்கே ஸ்னாப் செய்யும் ஒரு தொகுப்பை அவர்கள் ஓட்டினார்கள். மயாமியிலும் பிரவுன், ரிக்கி வில்லியம்ஸ் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவர் ஆடும்போது இன்னொருவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் களத்தில் வைக்க வழி வேண்டும். அந்த வாரத்துப் பயிற்சியிலேயே தொகுப்பு உள்ளே வந்தது.

அமைப்பைப் படிப்படியாகச் சொல்கிறேன். வழக்கமாக லெஃப்ட் டேக்கிள் இடத்தில் நிற்கும் ஜேக் லாங் வலது பக்கம் போய் வெர்னன் கேரியோடு சேர்ந்து நிற்பார். இரண்டு மலைகளும் ஒரே பக்கம். இடது பக்கம் கார்டும் டைட் எண்டும் மட்டும். குவார்ட்டர்பேக் பென்னிங்டன் ரிசீவர் போல ஓரத்துக்குப் போய்விடுவார். சென்டருக்குச் சில யார்டு பின்னால், குவார்ட்டர்பேக் நிற்க வேண்டிய இடத்தில், ரானி பிரவுன். ரிக்கி வில்லியம்ஸ் இடது பக்கம் தள்ளி நின்று, ஸ்னாப்புக்குச் சற்று முன்பு குறுக்கே வலது பக்கம் ஓடத் தொடங்குவார். அவர் பிரவுனைக் கடக்கும் கணத்தில் பந்து பிரவுன் கைக்கு வரும்.

அந்தக் கணத்திலிருந்து மூன்று பாதைகள். ஒன்று, பந்தை வில்லியம்ஸ் வயிற்றில் வைத்துவிடுவது. அவர் அதே வேகத்தில், லாங்கும் கேரியும் திறக்கும் வலது ஓரத்தைச் சுற்றி ஓடுவார். இரண்டு, கொடுப்பது போலக் காட்டிவிட்டுப் பிரவுன் தானே வைத்துக்கொண்டு, இடது பக்கத்திலிருந்து இழுத்து வரும் கார்டுக்குப் பின்னால் வலது பக்க இடைவெளியில் நேராக முட்டுவது. மூன்று, எல்லார் கண்ணும் வில்லியம்ஸோடு வலது பக்கம் போகும்போது பிரவுன் இடது பக்கம் திரும்புவது. மூன்றுக்கும் முதல் ஒரு நொடி ஒரே மாதிரி இருக்கும். தற்காப்பு வீரரின் கண் ஏமாறுவது அந்த ஒரு நொடியில்தான்.

இதற்குள் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. சாதாரண ஓட்டத்தில் குவார்ட்டர்பேக் பந்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடுவார். ஓடுபவரைக் கழித்தால் தடுக்க மிஞ்சுவது 9 பேர், எதிரே 11 பேர். வைல்ட்கேட்டில் பந்தை வாங்குபவரே ஓடுபவர் என்பதால் இடையில் வீணாகும் ஆள் இல்லை. பென்னிங்டன் ஓரத்தில் சும்மா நிற்பது போலத் தெரியும். ஆனால் அவரும் பந்து பிடிக்கத் தகுதியுள்ளவர் என்பதால் எதிரணி ஒரு ஆளை அவர் மேல் விட்டே ஆக வேண்டும். கூட்டிக் கழித்தால் பந்து இருக்கும் இடத்தில் எதிரணிக்கு ஒரு ஆள் குறைவு. இன்னொரு நுணுக்கம்: பென்னிங்டன் களத்தை விட்டு வெளியே போகவில்லை. அதனால் ஒவ்வொரு முயற்சிக்கும் முந்தைய கூடுகையில் நிற்கும் 11 பேரைப் பார்த்து இது வைல்ட்கேட் என்று கண்டுபிடிக்க முடியாது. வரிசையில் வந்து நின்ற பிறகுதான் தெரியும், அப்போது ஆள் மாற்ற நேரமிருக்காது.

செப்டம்பர் 21, 2008. மயாமி 38, நியூ இங்கிலாந்து 13. வைல்ட்கேட்டை ஆடியது 6 முறைதான், அதில் 4 டச்டவுன். வழக்கமான ஆட்டத்தில் வந்த ஒன்றையும் சேர்த்து, பிரவுன் 2, 15, 5, 62 யார்டு ஓட்டங்களில் நான்கு டச்டவுன் போட்டார், ஐந்தாவதை எறிந்தார். அந்த எறிதலைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். பிரவுன் இடது கைக்காரர். இடது பக்கம் ஓடுவது போலப் போக, தற்காப்பு மொத்தமும் ஓட்டத்தைத் தடுக்க முன்னால் வந்துவிட்டது. ஃபசானோ தடுப்பது போலப் பாவனை காட்டி நழுவிப் பின்னால் போனார். ஓடியபடியே இடது கையால் 19 யார்டு. வலது கைக்காரர் இடது பக்கம் ஓடியபடி அதை எறிய வேண்டுமென்றால் நின்று, உடம்பைத் திருப்பி எறிய வேண்டியிருக்கும், அதற்குள் யாராவது வந்து விழுவார்கள். கைக்குப் பொருத்தமாகத் திசையைத் தேர்ந்ததில் பயிற்சியாளர்களின் வேலை தெரிகிறது.

அடுத்து ஒரு வாரம் ஓய்வு, பிறகு சான் டியேகோவுக்கு எதிராக 17-10. ஹூஸ்டனில் முதல் கால்பகுதியிலேயே இன்னொரு திருப்பம் வைத்தார்கள்: வைல்ட்கேட் வரிசையில் பந்து கைமாறிக் கைமாறி ஓரத்தில் இருந்த பென்னிங்டனிடமே திரும்பி வர, அவர் பேட்ரிக் காப்ஸுக்கு 53 யார்டு டச்டவுன் எறிந்தார். ஆனால் அந்த ஆட்டம் கடைசி நொடிகளில் 29-28 என்று கைநழுவியது. அதற்கடுத்த வாரம் பால்டிமோர் ரேவன்ஸ் வந்து 27-13 என்று அடித்துவிட்டுப் போனது. கணக்கு 2-4.

வைல்ட்கேட் புகழை மட்டும் கேட்டவர்கள் இந்த 2-4ஐக் கவனிக்க வேண்டும். உத்தி வந்த நான்காவது ஆட்டத்திலேயே எதிரணிகள் பதில் கண்டுபிடித்துவிட்டன. பதில் என்ன? முதலாவது, குறுக்கே ஓடும் வில்லியம்ஸைக் கண்ணால் பின்தொடராமல் அவரவர் இடைவெளியை அவரவர் அடைப்பது. நியூ இங்கிலாந்தின் லைன்பேக்கர்கள் ஒவ்வொரு முறையும் ஓட்டத்தோடு சேர்ந்து நகர்ந்தார்கள், அதுதான் பிரவுனுக்குத் திறந்த கதவு. இரண்டாவது, ஓரத்தில் நிற்கும் லைன்பேக்கர் தயங்காமல் பிரவுனும் வில்லியம்ஸும் சந்திக்கும் புள்ளியை நோக்கிப் பாய்வது. கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்க நேரமே கிடைக்காது. மூன்றாவது, பந்து பிடித்திருப்பவர் அடிக்கடி எறியப்போவதில்லை என்பதால் பின்னால் நிற்கும் சேஃப்டியையும் முன்னால் இழுத்து எட்டு ஒன்பது பேரை வரிசைக்கு அருகில் நிறுத்துவது. ஒரு ஆள் கூடுதல் என்ற கணக்கு அங்கே அடிபட்டுப் போகும். 10 யார்டு முன்னேற ஒரு அணிக்குக் கிடைப்பது நான்கு முயற்சிகள்; மூன்றாவது முயற்சியில் இன்னும் 8, 9 யார்டு தேவைப்படும் நிலையில் வைல்ட்கேட் எப்படியும் உதவாது. நவம்பர் 23 அன்று நியூ இங்கிலாந்தை மறுபடி சந்தித்தபோது அவர்கள் தயாராக இருந்தார்கள். பிரேடிக்குப் பதிலாக ஆடிய மேட் கேசல் 415 யார்டு எறிந்தார், 48-28.

அப்படியென்றால் 2-4க்குப் பிறகு 10 ஆட்டங்களில் 9 வெற்றி எப்படி வந்தது? இப்போது ஸ்கோர்களைப் பாருங்கள்: பஃபலோ 25-16, டென்வர் 26-17, சியாட்டில் 21-19, ஓக்லண்ட் 17-15, செயின்ட் லூயிஸ் 16-12, டொரான்டோவில் ஆடிய பஃபலோ ஆட்டம் 16-3, சான் ஃபிரான்சிஸ்கோ 14-9, கான்சஸ் சிட்டி 38-31, ஜெட்ஸ் 24-17. எதிரியை அடித்துத் துவைக்கும் அணி இல்லை இது. தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் டான் ஹெனிங் கட்டிய ஆட்டம் ஒரு சங்கிலி. முதல் இரண்டு முயற்சியில் பிரவுனும் வில்லியம்ஸும் ஓடி 6, 7 யார்டு எடுப்பார்கள். மூன்றாவது முயற்சியில் 3, 4 யார்டு போதும். 3 யார்டுக்கு பென்னிங்டனின் சின்ன எறிதலே தாராளம், அபாயமான நீண்ட எறிதல் தேவையில்லை. அபாயம் எடுக்காததால் பந்து போகாது. பந்து போகாததால் எதிரணி எப்போதும் தன் பாதியின் உள்ளேயிருந்து நீண்ட தூரம் வந்தாக வேண்டும். பின்தங்கிய எதிரணி நேரத்தைத் துரத்திக்கொண்டு எறியத் தொடங்கும்போது ஜோயி போர்ட்டர் வேட்டைக்குக் கிளம்புவார். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மொத்தமும் நிற்கும். முதல் முயற்சி ஓட்டம் பூஜ்ஜியத்தில் நின்றாலே போதும், மூன்றாவது முயற்சி 9 யார்டாகிவிடும், பென்னிங்டனின் கைக்கு அது தூரம்.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு: விக்கெட் விடாமல் ஒன்றிரண்டாகச் சேர்த்து 240 எடுத்து, பந்துவீச்சை வைத்துக் காப்பாற்றும் அணி. பெரிய அடி கிடையாது, ஆனால் எல்லா ஆட்டமும் கடைசி ஓவர் வரை வரும்.

அப்படி வரும் ஆட்டங்களில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. 8 புள்ளி அல்லது அதற்குள் முடிந்த ஆட்டங்களை 2008இல் எண்ணினால் 7 வெற்றி, 2 தோல்வி. முந்தைய வருடம் அதே மாதிரி ஆட்டங்களில் 6 முறை 3 புள்ளியில் தோற்ற அணி இது. மொத்தம் அடித்தது 345, வாங்கியது 317. வெறும் 28 புள்ளி மிச்சத்தில் 11-5 என்பது கொஞ்சம் தாராளமான கணக்கு; வழக்கமாக அது 9 வெற்றிக்கு அருகில் போகும் அளவு.

அட்டவணையைப் பற்றி ஒரு தப்பான பேச்சு உண்டு: போன வருடம் கடைசி இடம் வந்ததால் லேசான எதிரிகள் கிடைத்தார்கள் என்பார்கள். அன்றைய என்.எஃப்.எல் விதிப்படி 16 ஆட்டங்களில் முந்தைய வருட இடத்தைப் பொறுத்து மாறுபவை 2 மட்டும். மயாமிக்கு அந்த இரண்டும் ஹூஸ்டனும் பால்டிமோரும். இரண்டிலும் தோற்றது! உண்மையான உதவி வேறு பக்கத்திலிருந்து வந்தது. லீக்கின் இரண்டு பாதிகள் ஏ.எஃப்.சி, என்.எஃப்.சி. அந்த வருடம் மயாமியின் டிவிஷனான ஏ.எஃப்.சி கிழக்கின் நான்கு அணிகளுக்குமே ஏ.எஃப்.சி மேற்கும் என்.எஃப்.சி மேற்கும் எதிரிகளாக வந்தன. அந்த எட்டு எதிரிகளும் சேர்ந்து 45 ஜெயித்து 83 தோற்றவர்கள். மயாமி இவர்களுக்கு எதிராக 7-1, நியூ இங்கிலாந்தும் 7-1, பஃபலோ 6-2. அதே எட்டுப் பேரிடம் ஜெட்ஸ் 3-5. கதவு நால்வருக்கும் திறந்திருந்தது, ஃபார்வின் அணி உள்ளே போகவில்லை.

கடைசி நாள், டிசம்பர் 28. பிற்பகலில் நியூ இங்கிலாந்து பஃபலோவை 13-0 என்று முடித்து 11-5க்கு வந்துவிட்டது. மயாமி 10-5உடன் ஜெட்ஸின் ஊரில். ஜெயித்தால் டிவிஷன், தோற்றால் வீடு. பென்னிங்டன் 30 எறிதலில் 22 வெற்றி, 200 யார்டு, 2 டச்டவுன். ஃபார்வ் மூன்று இன்டர்செப்ஷன். அதில் ஒன்றை, இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்ட புதுமுகம் ஃபிலிப் மெர்லிங் பிடித்து 25 யார்டு ஓடி டச்டவுன் ஆக்கினார். முந்நூறு பவுண்டுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் ஒரு முன்வரிசை ஆள் பந்தோடு ஓடுவதை ஜெட்ஸ் ரசிகர்கள் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு அணியும் 11-5 என்றால் மயாமி எப்படி முதலிடம்? தீர்க்கும் விதிகள் வரிசையாக வரும். நேருக்கு நேர்: 1-1. டிவிஷனுக்குள்: இருவரும் 4-2. பொதுவான எதிரிகள்: டிவிஷனோடு சேர்த்து இருவரும் 11-3. நான்காவது படி, ஏ.எஃப்.சி கணக்கு: மயாமி 8-4, நியூ இங்கிலாந்து 7-5. அந்த ஒரு ஆட்ட வித்தியாசம், மயாமி சான் டியேகோவை ஜெயித்ததும் நியூ இங்கிலாந்து அதே அணியிடம் தோற்றதும்தான். மயாமி உள்ளே, நியூ இங்கிலாந்து 11 ஜெயித்தும் பிளே-ஆஃபுக்கு வெளியே. ஒரே வருடத்தில் 10 வெற்றி கூடுதல் என்பது 1999இன் இண்டியானபொலிஸ் கோல்ட்ஸ் வைத்திருந்த சாதனைக்குச் சமம். ஒரே வெற்றி பெற்ற சீசனுக்கு அடுத்த வருடமே டிவிஷன் பட்டம் வாங்கிய முதல் அணியும் இதுதான்.

பிளே-ஆஃபில் மறுபடி பால்டிமோர். ஜனவரி 4, 2009, மயாமியில், 9-27. பால்டிமோரின் தற்காப்புப் பயிற்சியாளர் ரெக்ஸ் ரயனின் ஆட்கள் செய்தது ஒன்றே ஒன்று: அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியை அறுத்தது. ஓட்டம் நின்றது, மூன்றாவது முயற்சிகள் நீண்டன, பென்னிங்டன் தன் கைக்கு எட்டாத எறிதல்களை எறிய வேண்டி வந்தது. 16 ஆட்டங்களில் 7 இன்டர்செப்ஷன் எறிந்தவர் ஒரே பிற்பகலில் 4 எறிந்தார். இரண்டை எட் ரீட் பிடித்தார், ஒன்றை 64 யார்டு ஓடி டச்டவுன் ஆக்கினார். 13 முறை மட்டுமே பந்தைத் தொலைத்த அணி அன்று 5 முறை தொலைத்தது.

அடுத்த வருடம் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். 2009இல் அட்டவணை ஏ.எஃப்.சி தெற்கு, என்.எஃப்.சி தெற்கு என்று மாறியது. மூன்றாவது ஆட்டத்தில் பென்னிங்டனின் தோள் மறுபடி போனது, சாட் ஹென்னி வந்தார். அதற்கு முந்தைய ஆட்டத்தில் இண்டியானபொலிஸுக்கு எதிராக 45 நிமிடங்களுக்கு மேல் பந்தைத் தங்கள் கையில் வைத்திருந்தும் 27-23 என்று தோற்றார்கள். நவம்பரில் ரானி பிரவுன் கால் உடைந்து உட்கார்ந்தார். முடிவு 7-9. வைல்ட்கேட்டுக்கென்றே இரண்டாம் சுற்றுத் தேர்வைச் செலவழித்து, ஓடவும் எறியவும் தெரிந்த பேட் வைட்டை மேற்கு வர்ஜீனியாவிலிருந்து எடுத்திருந்தார்கள். அந்த சீசனில் அவர் 5 முறை எறிந்தார், ஒன்றும் கைக்குப் போய்ச் சேரவில்லை. 2010 சீசன் தொடங்கும் முன்பே அவரை விட்டுவிட்டார்கள்.